கைக்கொரு வாட்ச்சு, டாக்டர் மட்டும் இல்லை

ஆளுங்க கையில ஒரு கருவியைக் கட்டிவிட்டு, கருவி சொல்றதையும் நம்ப முடியாம, ஆளு சொல்றதையும் கேட்க விடாம, நடுவுல நிக்க வைக்கிற பொழப்புக்குத்தான் டிஜிட்டல் சுகாதார ஆராய்ச்சின்னு பேரு. இந்தப் பொழப்புல மாட்டிக்கிட்ட சக பாவிகளே, நீங்க எந்தப் பல்கலைக்கழகத்துக்காக எந்த ஊர் வெயில்ல காய்ஞ்சிருந்தாலும் சரி, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவையாவது தலையில அடிச்சுக்குவீங்க. நான் அடிச்சுக்கிட்டே இருந்ததால எனக்கு இப்போ பழகிப்போச்சு.

நான் காய்ஞ்சது விருத்தாசலத்துல. செராமிக் பட்டறைங்க வரிசையா இருக்கிற பேட்டை. ஃபியூஸ் கட்டையிலேர்ந்து கொலு பொம்மை வரைக்கும் எல்லாம் அங்கே பீங்கான்ல பிறக்கும். பிறக்கிற இடத்துல தூசியும் பிறக்கும். அந்தத் தூசி தொழிலாளிகளோட மூச்சை என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்க எங்க பேராசிரியருக்கு வெளிநாட்டுலேர்ந்து நிதி வந்தது. ஆளுக்கு ஒரு வாட்ச்சு, அதோட பேசுற ஒரு செயலி. நாடி, மூச்சு, நடை, தூக்கம், உடம்புச் சூடு எல்லாத்தையும் வாட்ச்சு அளக்கும், வேலை நேரத்துல இருமலைச் செல்போன் மைக்கு கேட்கும், எல்லாம் செல்போன் வழியா பல்கலைக்கழகத்துக்குப் போகும். என் பதவி கள ஒருங்கிணைப்பாளர். பட்டறையில யாருக்கும் அந்தப் பேரு வாயில நுழையல. 'வாட்ச்சு சாரு'ன்னு வச்சுட்டாங்க.

பச்சை மூஞ்சி

அஞ்சலை அக்காவைப் பத்தி முதல்ல சொல்லிடணும். ஃபியூஸ் கட்டைங்க அச்சுலேர்ந்து வந்து காய்ஞ்சதும் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி எடுக்கிற வேலை அவங்களுக்கு. மாவு மில்லுல நிக்கிறவங்க மாதிரி புருவம், தலை எல்லாம் வெள்ளையா இருக்கும். பொங்கலுக்கு முன்னாலேர்ந்து இருமல். மெடிக்கல்ல சொல்லி வாங்குன மருந்து குடிச்சுப் பார்த்தாங்க, கேட்கல. ராத்திரியில படுக்க முடியல, உக்காந்தே தூங்குறேன்னாங்க. எங்க திட்டத்துக்கு முதல் ஆளா கையை நீட்டுனது அவங்கதான். எதுக்குன்னு கேட்டேன். 'பல்கலைக்கழகம்னா டாக்டரு இருப்பாங்கல்ல தம்பி, ஒரு தடவை நெஞ்சப் பாத்துச் சொல்லிட்டாங்கன்னா போதும்'னாங்க. எங்ககிட்ட வாட்ச்சு இருந்தது, செயலி இருந்தது, சர்வர் இருந்தது, தொப்பி, பேனா, பை எல்லாம் இருந்தது. டாக்டர் மட்டும் இல்லை.

செயலியைத் திறந்தா ஒரு மூஞ்சி வரும், வாட்ச்சுலயும் அதே மூஞ்சி தெரியும். பச்சையா சிரிச்சா நல்லா இருக்கீங்க, மஞ்சளா முறைச்சா ஓய்வு எடுங்க, சிவப்பா அழுதா ஆபத்து. அஞ்சலை அக்கா வாயை முந்தானையால பொத்திக்கிட்டு இருமுவாங்க, கையில பச்சை மூஞ்சி பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கும். எனக்கே அதை ஒரு அறை அறையணும் போல இருக்கும். "அக்கா, இதை நம்பாதீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, நான் கூட வரேன்"னு சொன்னேன். அவங்க வீட்டுக்காரர் கலியபெருமாள் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுறவர். அன்னிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தார். பொண்டாட்டி கையைப் பிடிச்சு வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார்.

"பல்கலைக்கழகத்து வாட்ச்சே பச்சை காட்டுது, இவளுக்கு என்னா கேடு? ஒரு நாளு வேலை கெட்டுப்போறதுக்கு ஆஸ்பத்திரியாம். நீங்க வேற ஏத்திவுடாதீங்க சார்!"

நடக்காத தனம்

செயலிக்கு ஒரு குரல் உண்டு. பல்கலைக்கழகத்துல யாரோ ஒரு அம்மா ஏசி அறையில உக்காந்து பதிவு பண்ணினது. ரொம்ப அழகான தமிழ். 'அன்பார்ந்த பயனரே, தாங்கள் இன்று போதிய அளவு நடக்கவில்லை. சற்றே எழுந்து உலாவி வாருங்கள்.' இந்தக் குரலை மதியச் சாப்பாட்டு நேரத்துல வர்ற மாதிரி வச்சிருந்தாங்க. தனம்னு ஒருத்தர், அஞ்சலை அக்காவோட கூட்டாளி. ஈரக் கட்டைகளைப் பலகையில அடுக்கி, அச்சு அறையிலேர்ந்து காயப்போடுற இடத்துக்கும், அங்கேர்ந்து சூளைக்குமா விடிஞ்சதுலேர்ந்து நடையோ நடைன்னு நடக்கிறவங்க. அப்பாடான்னு டிபன் பாக்ஸைத் திறப்பாங்க, தாங்கள் நடக்கவில்லைன்னு குரல் வரும். மொத்தப் பட்டறையும் சிரிக்கும்.

காரணம் எனக்குப் புரிய கொஞ்ச நாளாச்சு. கை வீசி நடந்தாத்தான் வாட்ச்சுக்கு அது நடை. ரெண்டு கையாலயும் பலகையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கட்டை சரியாம நடக்கிறவங்க கை எப்படி வீசும்? வாட்ச்சைப் பொறுத்தவரைக்கும் தனம் நாள் முழுக்க உக்காந்து ஊர்க்கதை பேசுறாங்க. ஆனா ஆபீஸ் ரூம்ல உக்காந்து விசிறியால விசிறிக்கிட்டே இருக்கிற சூப்பர்வைசர் தினமும் விருத்தாசலத்துலேர்ந்து மங்கலம்பேட்டைக்கு நடந்து போயிட்டு வர்றதா கணக்கு காட்டுச்சு. அவருக்கு செயலி கோப்பைப் படம் போட்டு வாழ்த்து சொல்லும். பேராசிரியருக்கு எழுதினேன். 'அசைவு குறைந்த பெண் தொழிலாளர்களுக்கு ஊக்கச் செய்திகளை அதிகரிக்கவும்'னு பதில் வந்துச்சு. குரல் தினமும் ரெண்டு வேளையாச்சு. தனம் ஒரு நாள் சோத்துக் கையோட எழுந்து வந்து நின்னாங்க.

"அந்தப் பொம்பளை எங்க இருக்குறாங்க சார்? ஒரு நாளைக்கு இங்க வந்து இந்தப் பலகைய எடுத்துக்கிட்டு சற்றே உலாவச் சொல்லுங்க, நாங்க உக்காந்து பாக்குறோம்."

பேனர்ல இருக்கிற டாக்டர்

டாக்டரே இல்லைன்னு சொல்லிட்டேன். அது தப்பு. பேனர்ல இருந்தாங்க. பட்டறை வாசல்ல நாங்க கட்டியிருந்த பேனர்ல பேராசிரியர் படம் பெருசா, அதுக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்போட ஒரு அம்மா படம் சின்னதா. 'மருத்துவ ஆலோசகர்'னு எழுதியிருக்கும். அஞ்சலை அக்கா தினமும் வேலைக்கு உள்ளே நுழையும்போது அந்தப் படத்தைப் பார்ப்பாங்க. 'இவங்க எப்ப தம்பி வருவாங்க?'ன்னு கேட்பாங்க. அடுத்த வாரம் அக்கான்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாப் போச்சு.

ஒரு நாள் பொறுக்க முடியாம பேராசிரியருக்குப் போன் போட்டேன். "சார், ஒரு அம்மாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது, இளைச்சுக்கிட்டே போறாங்க, டாக்டரை ஒரு நடை வரச் சொல்லுங்க"ன்னேன். செயலி என்ன காட்டுதுன்னார். பச்சைன்னேன். அப்போ என்ன பிரச்சினைன்னார். "சார், இருமல் சார். செல்போன் பக்கத்துலயேதான் இருக்கு, அதுல இருமல் பதிவாகணுமே?"ன்னேன். பக்கத்துல இருந்த மாணவரை விசாரிச்சுட்டு வந்தார். பட்டறையில மண்ணு அரைக்கிற மெஷின் கடகடன்னு ஓடுதாம். அந்த இரைச்சல் வேண்டாம்னு மென்பொருள் வடிகட்டுதாம். வடிகட்டும்போது இருமலும் சேர்ந்து போயிடுதாம். அவ்வளவு பெரிய சத்தம் போட்டு ஒரு மனுஷி இருமுறாங்க, அதை மெஷின் சத்தம்னு அழிச்சுட்டு மூஞ்சி சிரிக்குது. அவருக்கு அது சுவாரசியமா இருந்துச்சு. சிவப்பு வந்தா மட்டும்தான் டாக்டரை அனுப்பணும்னு திட்டத்துல எழுதியிருக்காம்.

"இப்போ நாம தலையிட்டா டேட்டா கெட்டுப்போயிடும்பா. ஆராய்ச்சி முடியட்டும், அப்பறம் மனுஷங்களைப் பார்க்கலாம்."

பீரோவுக்குள்ள ஒரு நாடி

சூளைக்காரர் ராஜவேலுவோட வாட்ச்சுலேர்ந்து ஒண்ணுமே வரல. நாள்கணக்கா அமைதி. திடீர்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நாடி துள்ளும், நடை குதிக்கும், மத்தியானத்துக்கு மேல மறுபடியும் அமைதி. பேராசிரியர் இதை வச்சு ஒரு கட்டுரைக்கே அடிபோட்டார். இந்தத் தொழிலாளிகள் சமூக நிகழ்வுகளில்தான் முழு உயிர்ப்போடு இருக்காங்கன்னு ஒரு கொள்கை. நான் ராஜவேலு வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு நடுவுலேர்ந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாங்க. உள்ளே எங்க வாட்ச்சு. ஸ்ரீமுஷ்ணத்துல சொந்தக்காரங்க கல்யாணம், காது குத்துன்னு வந்தா அவர் கட்டிட்டுப் போவாராம். இவ்வளவு நல்ல பொருளைச் சூளையில கட்டிக் கருக்குறதுக்கு அவங்களுக்கு மனசு வரல.

கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குக் கட்டிட்டுப் போக வச்சேன். போன அன்னிக்கே வினை. சூளைக் கதவு பக்கத்துல நின்னவர் கையில வாட்ச்சு மஞ்சளா மாறி, 'தங்களுக்குக் கடும் காய்ச்சல், உடனே வீடு திரும்பி ஓய்வெடுக்கவும்'னு பேசிடுச்சு. ராஜவேலு நல்ல மனுஷன், சொன்னதைச் செய்றவர். சட்டையை மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டார். அவர் கூட நின்னவங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சு, அவங்களும் கிளம்பிட்டாங்க. சூளைக்குள்ள சரக்கு, வெளியில ஆளே இல்லை. முதலாளி வெத்தலைய மென்னுக்கிட்டே என்னைக் கூப்பிட்டுவிட்டார். கோபமாப் பேசியிருந்தாக்கூடத் தேவலை.

"உள்ளங்கைச் சூடெல்லாம் தெரியுது உங்க வாட்ச்சுக்கு. எதுத்தாப்புல இம்மாம் பெரிய சூளை எரியுறது மட்டும் தெரியலையாங்க?"

பேராசிரியர் விஜயம்

பேராசிரியர் ஒரே ஒரு தடவை களத்துக்கு வந்தார். வீடியோ எடுக்க வந்தார். முதல் நாளே முதலாளிக்குத் தகவல் போயிடுச்சு. காலையில நான் போய் நிக்கிறேன், பட்டறை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. தரை முழுக்கத் தண்ணி தெளிச்சுத் துடைச்சிருக்காங்க. பிசிறு சுரண்டுற இடத்தையே மூடிட்டாங்க. எல்லார் மூஞ்சியிலயும் மடிப்புக் கலையாத புது மாஸ்க்கு. அஞ்சலை அக்காவை மட்டும் காணோம். எங்கேன்னு கேட்டா சூப்பர்வைசர் கண்ணைக் காட்டினார். வீடியோவுல இருமல் சத்தம் விழுந்துடும்னு அவங்களைப் பின்னால சரக்கு ரூம்ல உக்கார வச்சுட்டாராம்.

நான் பேராசிரியர்கிட்ட நேராவே சொன்னேன். "சார், நான் போன்ல சொன்ன அம்மா பின்னாடி ரூம்ல இருக்காங்க, ஒரு நிமிஷம் வாங்க." வரேன் வரேன்னார். பொம்மைகிட்ட நின்னு ஒரு போட்டோ, சூளைகிட்ட நின்னு ஒரு போட்டோ, ஒரு தொழிலாளி கையைப் பிடிச்சு வாட்ச்சைப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ. அப்பறம் ரயிலுக்கு நேரமாயிடுச்சு. கார் கிளம்பினதும் அக்கா சரக்கு ரூம்லேர்ந்து வெளியில வந்தாங்க. 'டாக்டரு வந்திருந்தாங்களா தம்பி?'ன்னு கேட்டாங்க. தனம்தான் மாஸ்க்கைக் கழட்டிக்கிட்டே பதில் சொன்னாங்க.

"தூசிய ஆராய்ச்சி பண்ண வந்தவரு சட்டையில ஒரு பொட்டுத் தூசி ஒட்டாம போயிட்டாரு அக்கா. நீ வா, கஞ்சி குடி."

எல்லாரும் செத்த நாள்

இனி சொல்லப்போறதைக் கேட்டுட்டு சிரிக்கிறதா, அழுவுறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஆயுத பூசை. நமக்கு லீவு, நிதி கொடுத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு லீவு கிடையாது. அன்னிக்கு ஆன்லைன் மீட்டிங் வேணும்னுட்டாங்க. விருத்தாசலத்துல ஓடுற நாடிகளை அங்கே திரையில நேரடியாக் காட்டுறதா பேராசிரியர் வாக்கு கொடுத்துட்டார். எனக்கு உத்தரவு வந்துச்சு: யாரும் வாட்ச்சைக் கழட்டக் கூடாது, பூசைக்கு எல்லாரையும் பட்டறைக்கு வரவச்சு, வாட்ச்சு கையில இருக்கான்னு பார்த்துக்கணும். நானும் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.

பட்டறை அன்னிக்கு அழகுன்னா அழகு. மெஷின், அச்சு, பலகை, தராசு, சூளைக் கதவு, முதலாளி கார், கலியபெருமாளோட டிராக்டர், எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வச்சிருந்தாங்க. பொரி, கடலை, சுண்டல் மூட்டையா இருந்துச்சு. தீபாராதனை ஆச்சு, பூசணிக்காய் உடைச்சாச்சு, எல்லார் கையிலயும் வாட்ச்சு இருந்துச்சு. நான் நிம்மதியா ஒரு பிடி பொரியை வாயில போட்டேன். அப்போ செல்போன் அடிச்சுது. பேராசிரியர் குரல் நடுங்குது. "என்னப்பா ஆச்சு அங்கே? விஷவாயுவா? சூளை வெடிச்சிடுச்சா?" எனக்கு ஒண்ணும் புரியல. திரையில ஒவ்வொரு நாடியா நின்னுபோச்சாம். ஒண்ணு, அடுத்தது, அடுத்ததுன்னு வரிசையா எல்லாம் சிவப்பு. வெளிநாட்டுக்காரங்க நாற்காலியை விட்டு எழுந்து நிக்கிறாங்களாம். ஒரு அம்மா அழுவுறாங்களாம். நான் சுத்திப் பார்த்தேன். செத்தவங்க எல்லாரும் சுண்டல் தின்னுக்கிட்டு இருந்தாங்க. "சார், எல்லாரும் உசுரோட இருக்காங்க"ன்னு கத்துறேன், பறைமேளச் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேட்கல. லைன் கட்டாயிடுச்சு.

தனம் கையைப் பிடிச்சு வாட்ச்சைக் கழட்டித் திருப்பினேன். முதுகுப் பக்கம் கெட்டியா சந்தனம், அது மேல குங்குமம். அந்தப் பக்கத்துலதான் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்கும். அது தோலுக்குள்ள பாஞ்சு நாடியைப் பார்க்கிற வெளிச்சம். சந்தனம் அடைச்சா எங்கேர்ந்து பார்க்கும்? வாட்ச்சு கையில சூடா இருக்கு, நாடி இல்லை, அப்போ ஆளு காலின்னு மென்பொருள் முடிவு பண்ணிடுச்சு. ஒருத்தர் விடாம எல்லாரும் கழட்டிப் பொட்டு வச்சு மறுபடி கட்டியிருந்தாங்க. "ஏன்க்கா, இதுல போயி பொட்டு வைப்பாங்களா?"ன்னு கிட்டத்தட்ட அழுதுட்டேன். தனத்துக்கு என் கேள்விதான் விளங்கல.

"வேலை செய்யிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், இதுக்கு மட்டும் வைக்காம வுட்டா இது கோவிச்சுக்காதா சார்? மூஞ்சில வச்சா மணி தெரியாது, அதான் வெளக்கு எரியிற எடத்துல வச்சோம்."

டாக்டர் வந்தாங்க

நான் மறுபடி மறுபடி போன் போடுறேன், பேராசிரியர் எடுக்கல. அவர் யார் யாருக்கோ போன் பண்ணிக்கிட்டு இருந்திருக்கார். திட்டத்துல எழுதியிருக்கிற மாதிரி, சிவப்பு வந்தா டாக்டர். பேனர்ல இருந்த அம்மா லீவுக்கு நெய்வேலியில அவங்க அம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க. பாதிச் சாப்பாட்டுல எழுந்து, கையைக்கூட சரியாக் கழுவாம கார்ல ஏறிட்டாங்க. பூசை முடிஞ்சு ஆளுங்க கலைஞ்சுக்கிட்டு இருக்கிறப்போ புழுதியைக் கிளப்பிக்கிட்டு அந்தக் கார் வந்து நின்னுச்சு. கதவு திறந்துச்சு. கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு, கையில பை, காலுல வீட்டுச் செருப்பு. 'எங்கே? எங்கே எல்லாரும்?'னு ஓடி வந்தாங்க. முதலாளி ஒரு தட்டுல பொரியும் வாழைப்பழமும் வச்சு நீட்டினார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா சந்தன வாட்ச்சை வாங்கிப் பார்த்தாங்க. முதல்ல கோபம் வந்துச்சு, அப்பறம் சிரிப்பு வந்துச்சு, வாட்ச்சைக் கையில வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சோம். சரி, நான் கிளம்புறேன்னு கார் பக்கம் திரும்பினாங்க. அஞ்சலை அக்கா போய்க் கார்க் கதவுக்குக் குறுக்கே நின்னுட்டாங்க. பேனர்ல பார்த்த மூஞ்சியை அவங்க விடுவாங்களா? "டாக்டரம்மா, வந்ததுதான் வந்தீங்க, என் நெஞ்ச ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிடுங்க"ன்னாங்க. பாதியில இருமல் வந்து குனிஞ்சுட்டாங்க. அந்தம்மா சிரிப்பு அப்படியே நின்னுச்சு. அங்கேயே ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சாங்க. முதுகுல ஒரு இடம், இன்னொரு இடம், மூச்சை இழுங்க, விடுங்க. அதை முடிக்கிறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. எத்தனை நாளா இருமல்னு கேட்டாங்க, சளியில ரத்தம் வருதான்னு கேட்டாங்க. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமாம்னாங்க. அது எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். கலியபெருமாள் முன்னால வந்தார். 'இல்லீங்கம்மா, வாட்ச்சுல பச்சையாத்தான்...'ன்னு ஆரம்பிச்சார். அந்தம்மா அக்கா கையிலேர்ந்து வாட்ச்சைக் கழட்டி அவர் கையில திணிச்சாங்க.

"இதை நீங்க கட்டிக்குங்க. விஜயதசமி முடிஞ்சதும் இவங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, அங்கே நான் பேசி வைக்கிறேன். வரலேன்னா அடுத்த தடவை நிஜமாவே சிவப்பு வரும்."

கார் போனதுக்கு அப்பறம் கலியபெருமாள் டிராக்டர் மேல கையை ஊனிக்கிட்டு நின்னார். அக்கா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த பொரியை எடுத்து என் கையில கொட்டினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுன்னு பார்த்துட்டாங்க போல.

"உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. செத்துட்டோம்னு சொன்னதும் சோத்த வுட்டுட்டு ஓடியாறாங்க பாரு தம்பி!"

அறிக்கையில வந்த அஞ்சலை

எக்ஸ்ரேயில தூசியும் இருந்துச்சு, காசநோயும் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கஷ்டம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. காசநோய்க்கு மாத்திரை ஆரம்பிச்சாங்க. ஏறுன தூசி இறங்காது, இனிமே ஏறாம பார்த்துக்கணும்னாங்க. டாக்டரம்மா முதலாளிக்குப் போன் பண்ணி என்ன பேசினாங்களோ, அக்காவைப் பொம்மைக்கு வர்ணம் தீட்டுற பக்கம் மாத்திட்டார். பிசிறு சுரண்டுற மத்தவங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்க வச்சாங்க அந்தம்மா. பேனர் அவங்களுக்குப் பிடிக்கலயாம், கழட்டச் சொல்லிட்டாங்க. கலியபெருமாள் இப்போ மாத்திரை போட்டியா போட்டியான்னு நச்சரிச்சே அக்காவைப் பாடாப்படுத்துறார். அக்கா இப்போ படுத்துத் தூங்குறாங்க.

இது எதுவும் எங்களால ஆகலைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், சந்தனத்துக்கும் தெரியும். ஆனா இறுதி அறிக்கை வந்துச்சு பாருங்க. 'இத்திட்டத்தின் வாயிலாக ஒரு காசநோயாளி உரிய நேரத்தில் கண்டறியப்பட்டார்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. கருத்தரங்குல ஒருத்தர் எழுந்து, கருவி எப்படிக் கண்டுபிடிச்சுதுன்னு கேட்டார். நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். பேராசிரியர் எப்படிச் சமாளிக்கப்போறாரோன்னு எட்டிப் பார்த்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"உள்ளூர்ப் பண்பாட்டோடு ஒருங்கிணைந்த எச்சரிக்கை முறை அது. விவரங்களை அடுத்த கட்டுரையில் வெளியிடுவோம்."

கைதட்டினாங்க சார், எழுந்து நின்னு தட்டினாங்க! ரெண்டாம் கட்டத்துக்கும் நிதி வந்துடுச்சு. புது வாட்ச்சு, முதுகுப் பக்கம் எதுவும் ஒட்டாத மாதிரி வழுவழுன்னு செஞ்சிருக்காங்க. அதாவது அன்னிக்கு உதவுன ஒரே ஒரு குறையையும் சரி பண்ணிட்டாங்க. வெட்கத்தை விட்டு அதைத் தூக்கிக்கிட்டு முதல்ல அஞ்சலை அக்காகிட்டதான் போனேன். ஒரு யானை பொம்மைக்குக் கண்ணு வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. தூரிகையைக் கீழே வைக்காமயே பேசினாங்க.

"கட்டிக்கிறேன், ஒனக்காகக் கட்டிக்கிறேன். ஆனா இந்தவாட்டி டாக்டரம்மாவ முன்னால அனுப்பிட்டு, வாட்ச்ச பின்னால மெதுவா அனுப்பச் சொல்லு."

ஆக, சக பாவிகளே, எங்க கருவி ஒழுங்கா வேலை செஞ்ச நாள்ல எல்லாம் ஒருத்தருக்கும் ஒரு உபகாரமும் கிடையாது, அது கெட்டுப்போய்ப் பொய் சொன்ன அந்த ஒரே நாள்லதான் ஒரு மனுஷி பிழைச்சாங்க.